பெரிய கண்களும் நீண்ட கோப்பும்

பிறவிக் கண் அழுத்த நோய் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. கண்ணுக்குள் ஓயாமல் ஒரு நீர் சுரக்கிறது. கருவிழியின் விளிம்பை ஒட்டிய சல்லடை போன்ற திசு வழியாக அது வடிந்து இரத்தத்தில் சேர வேண்டும். அந்த வடிகால் சரியாக உருவாகாத குழந்தைக்கு நீர் தேங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. பெரியவர்களுக்கு வரும் கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, பார்வை நரம்பை அரிக்கும். கண்ணின் அளவு மாறாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கண்சுவர் இன்னும் இறுகாததால் கண்ணே பருத்துவிடுகிறது. பிறந்த குழந்தையின் கருவிழி குறுக்களவில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு வயதுக்குள் அது 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் மருத்துவர்கள் இந்த நோயைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

மேற்கு நாடுகளில் இது ஏறத்தாழ 10,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது. ஆந்திரத்தில் நடந்த ஆய்வில் 3,300க்கு ஒன்று. சவுதி அரேபியாவில் 2,500க்கு ஒன்று. ஸ்லோவாக்கியாவின் ரோமா மக்களிடையே 1,250க்கு ஒன்று. இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெரிய காரணம் கல்யாண வழக்கம். நோய்க்குக் காரணமான முக்கிய மரபணு, சி.ஒய்.பி.1பி1, 1997இல் அடையாளம் காணப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட பிரதி வந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் இடங்களில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இரத்த உறவுத் திருமணம் இந்தியா முழுவதற்கும் நூற்றுக்கு 11; தமிழ்நாட்டில் 28.

செய்யாற்றங்கரையில் உள்ள கலசப்பாக்கத்தில், ஆரணிப் பட்டு நெய்யும் வீடு ஒன்றில், இந்த நோய் ஒரு தலைமுறைக்கு முன்பே வந்து போயிருந்தது. அக்காள் மகளைக் கட்டியவருக்கு 1950களில் பிறந்த கடைசிப் பையன். பிறந்தபோது தெருவே அவன் கண்ணைப் பார்த்துச் சொக்கிப் போனது என்று பிற்பாடு அவனுடைய அக்கா சொல்வதுண்டு. ‘எவ்ளோ பெரிய கண்ணு’ என்று சொல்லாதவர் இல்லை. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். வெள்ளி, செவ்வாயில் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். அந்த அழகுதான் நோய் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

நெசவாளர் வீடு இந்த நோயை மறைத்துவைப்பதற்கென்றே கட்டியது போல இருக்கும். இதன் முதல் அறிகுறிகள் மூன்று: கண்ணில் நீர் வடிதல், வெளிச்சம் கூசுதல், இமையை இறுக்கி மூடுதல். குழித்தறி இருக்கும் கூடம் பகலிலும் மங்கலானது. பட்டு நிறம் வெளுக்காமல் இருக்க ஜன்னலைத் திறந்துபோடமாட்டார்கள். அந்த இருட்டில் குழந்தை கண்ணை நன்றாகத் திறந்துதான் இருந்தது. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், சூரியன் ஏற ஏற முகத்தைத் தாயின் தோளில் புதைத்துக்கொள்ளும். குழந்தைக்கு வெட்கம் என்று வைத்துக்கொண்டார்கள். நீர் வடிவதற்குப் பூளை கட்டியிருக்கிறது என்று தாய்ப்பால் விட்டார்கள். கருவிழி புகை படிந்தாற்போல் வெளுக்கத் தொடங்கிய பிறகே வேலூருக்குப் பஸ் ஏறினார்கள். அப்போது பையனுக்கு வயது நான்கைத் தாண்டியிருந்தது. இருந்த கொஞ்சம் பார்வையும் பத்து வயதுக்குள் போயிற்று.

அவர் கடைசிவரை அந்த வீட்டில் தார் சுற்றினார். ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே இழையை ஓடவிட்டு, எங்கே முடிச்சு வருகிறது, எங்கே இழை மெலிகிறது என்று ராட்டையை நிறுத்தாமலே சொல்லிவிடுவார். சாயம் தோய்த்த இழை எது, தோய்க்காதது எது என்று தொட்டே பிரிப்பார். கல்யாணம் ஆகவில்லை. அக்காளின் பிள்ளைகள் அவர் மடியில் வளர்ந்தார்கள். கடைக்குப் போகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு போவது அந்தப் பிள்ளைகளின் முறை. அவர்களில் மூத்த பெண் படித்து, கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், கணவரோடு அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் குடியேறி, அந்த நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். பிள்ளை இல்லை. தத்தெடுக்க முடிவுசெய்து பெயரைப் பதிந்தபோது, சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளின் பட்டியலில் இரு கண்ணும் பெரிதான, தமிழ்நாட்டில் ஒரு காப்பகத்தில் வளர்ந்துவந்த ஒரு வயதுப் பெண் குழந்தையின் படத்தைப் பார்த்தார். மற்றவர்கள் பயந்து புரட்டிவிட்டுப் போகிற பக்கத்தில் அவர் நின்றதற்குக் காரணம், அவருடைய தாய்மாமன்.

வெளிநாட்டிலிருந்து ஒரு குழந்தையை இந்தியர் தத்தெடுப்பது அபூர்வம். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு என்றாலும் நடப்பது சொற்பம். இந்தியாவிலிருந்து குழந்தை வெளிநாடு போவதே வழக்கம். 2018–19இல் இந்தியாவில் நடந்த தத்தெடுப்புகள் 4,027. அதில் 653 குழந்தைகள் வெளிநாடு சென்றார்கள். உள்நாட்டில் ஆரோக்கியமான கைக்குழந்தைக்காகப் பெற்றோர் வருடக்கணக்கில் வரிசையில் நிற்க, காதோ கண்ணோ இதயமோ பழுதான குழந்தைகளை அந்த வரிசை தாண்டிப் போகிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு வீடு கிடைப்பது கடல் கடந்துதான். நம் ஊர் வீடுகளைக் குறை சொல்ல மட்டும் இதைச் சொல்வதில் நியாயமில்லை: ஆயுள் முழுக்க மருந்தும் ஆபரேஷனும் தேவைப்படும் குழந்தையை எடுக்க, முழுச் செலவையும் ஏற்கும் காப்பீடு வேண்டும், அது இங்கே எத்தனை பேரிடம் இருக்கிறது?

வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கான பாதை நீளமானது. நீளமாக்கியதற்குக் காரணமும் உண்டு. 1970களில் இந்தியக் குழந்தைகள் போதிய விசாரணை இல்லாமல் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே இதைப் பற்றி 1982இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக ஏற்று நீதிபதி பி.என். பகவதி 1984 பிப்ரவரியில் தீர்ப்பளித்தார். குழந்தைக்கு முதலில் இந்தியாவிலேயே பெற்றோர் தேட வேண்டும், வெளிநாட்டுப் பெற்றோரை அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்ற விதிகள் அந்தத் தீர்ப்பில் பிறந்தவை. காரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையம் 1990இல் அமைந்தது. 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. அமெரிக்காவில் அது 2008இல் நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு அடிப்படைச் சட்டம் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

கோப்பு நகரும் வரிசை இது. பெற்றவர்கள் குழந்தையை ஒப்படைத்தால், மனம் மாறுவதற்கு அவர்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தையானால் பெற்றோரைத் தேடிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு மாவட்டக் குழந்தைகள் நலக் குழு, இக்குழந்தையைத் தத்துக் கொடுக்கச் சட்டத் தடை இல்லை என்று அறிவிக்கும். காப்பகம் இரண்டு ஆவணங்களைக் கேரிங்ஸ் என்ற இணையதளத்தில் ஏற்றும்: குழந்தையைப் பற்றிய அறிக்கை ஒன்று, மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஒன்று. அமெரிக்கப் பக்கத்தில் தம்பதியின் வீட்டைப் பார்வையிட்டு, வருமானம், உடல்நலம், குற்றப் பின்னணி எல்லாம் சரிபார்த்து இல்ல ஆய்வறிக்கை தயாராக வேண்டும். குடிவரவுத் துறைக்கு ஐ-800ஏ, பிறகு ஐ-800 என்ற படிவங்கள் போக வேண்டும். தூதரகத்தின் ஒப்புதல், காராவின் தடையின்மைச் சான்று, அதன்பின் நீதிமன்ற ஆணை. நீதிமன்றம் இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. நடைமுறையில் வாய்தா வாய்தாவாகப் போயிற்று. அதனால்தான் 2021ஆம் ஆண்டின் திருத்தம் அந்த அதிகாரத்தை நீதிமன்றத்திடமிருந்து எடுத்து மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்தது. 2022 செப்டம்பரில் அது அமலுக்கு வந்தது. நியூ ஜெர்சித் தம்பதியின் கோப்பு நீதிமன்றக் காலத்தைச் சேர்ந்தது.

இத்தனை படிகளும் குழந்தையைக் காப்பாற்றவே உள்ளவை. ஒன்றைக்கூட வீண் என்று தள்ள முடியாது. ஆனால் கண் இந்தக் காலண்டரைப் பார்ப்பதில்லை. பிறவிக் கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து தற்காலிகத் துணைதான். சிகிச்சை என்றால் அறுவை. 1940களுக்குள் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஓட்டோ பார்க்கன் கோனியாட்டமி என்ற முறையை நிலைநிறுத்தினார். கருவிழி தெளிவாக இருந்தால்தான் அதைச் செய்ய முடியும். இந்தியாவில் குழந்தைகள் பெரும்பாலும் கருவிழி வெளுத்த பிறகே ஆஸ்பத்திரிக்கு வருவதால், வெளியிலிருந்தே வடிகாலைத் திறக்கும் இரண்டு முறைகளை ஒரே அமர்வில் சேர்த்துச் செய்வது இங்கே பரவியது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தின் டாக்டர் அனில் குமார் மண்டல் இதில் நிறைய வேலை செய்தவர். 2003இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றார். பிறந்து சில வாரத்திலேயே ஆபரேஷன் செய்வதும் இன்று நடக்கிறது. தாமதமானால் இரண்டு வகையில் இழப்பு: நரம்பில் செத்த இழைகள் திரும்புவதில்லை, இன்னொன்று, மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளும் காலம் கடந்துவிட்டால், கண் சரியானாலும் பார்வை வராது.

ஆகவே தத்தெடுப்போர் மருத்துவ அறிக்கையை எப்படிப் படிக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்தப் பெண் குழந்தையின் அறிக்கையில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இரு கண்ணிலும் பெரிய கருவிழி, வெளிச்சக் கூச்சம், கண் மருத்துவரிடம் காட்டப் பரிந்துரை. கண் அழுத்தம் எவ்வளவு என்றில்லை. கருவிழியின் அளவு இல்லை. தம்பதி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு குழந்தைகள் கண் மருத்துவர் ஒருவரைப் பார்த்தார்கள். அவர் கேட்ட கேள்விகள் நான்கு: மயக்கம் கொடுத்து அளந்த அழுத்தம் என்ன, கருவிழி எத்தனை மில்லிமீட்டர், பார்வை நரம்பில் குழி எவ்வளவு ஆழம், குழந்தை எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறதா. கடைசிக் கேள்விக்கு எந்த அறிக்கையிலும் கட்டம் கிடையாது. அதற்குக் காப்பகத்து ஆயாவிடம் போனில் கேட்டுத்தான் பதில் வாங்கினார்கள்: சத்தம் வந்தால் திரும்புகிறது, சாயந்திரத்தில் முகம் பார்க்கிறது, மத்தியானத்தில் பார்ப்பதில்லை. மருத்துவருக்கு அந்த ஒரு வரியிலேயே பாதி விளங்கிவிட்டது. பார்வை இருக்கிறது, வெளிச்சம் வலிக்கிறது.

அடுத்து எழுந்த கேள்வி, கோப்பு முடியும் வரை காத்திருந்து அமெரிக்காவில் ஆபரேஷன் செய்வதா, இங்கேயே இப்போதே செய்வதா. நல்ல வசதி அங்கே என்று எண்ணிக் காத்திருப்பது பல குடும்பங்கள் செய்வது. பிளவுபட்ட உதட்டுக்கோ வளைந்த பாதத்துக்கோ அந்தக் காத்திருப்பு சில சமயம் பொறுக்கும். இந்த நோய் பொறுக்காது. கண் சிகிச்சைக்கு அயல்நாட்டைப் பார்க்க வேண்டிய தேவையும் தமிழ்நாட்டுக்கு இல்லை. எழும்பூர் கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. அரவிந்த் 1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமியால் 11 படுக்கைகளுடன் தொடங்கப்பட்டு இன்று பல ஊர்களில் இருக்கிறது. சங்கர நேத்ராலயா 1978இலிருந்து இயங்குகிறது. காப்பகத்துக் குழந்தையின் ஆபரேஷனுக்குக் கையெழுத்திட வருங்காலப் பெற்றோருக்கு உரிமை கிடையாது. குழந்தை இன்னும் காப்பகத்தின் பொறுப்பு, நலக் குழுவின் பார்வையில் இருக்கிற குழந்தை. கையெழுத்து யார் போடுவது என்பதில் சில வாரங்கள் போயின. ஆணை வருவதற்கு முன்பே, ஒரு கண்ணுக்குப் பின் மற்றொரு கண்ணாக, இரண்டுக்கும் ஆபரேஷன் இங்கேயே நடந்தது. செலவைத் தருகிறோம் என்று தம்பதி சொன்னார்கள். விதியில் நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் பெற்றோரிடம் பணம் வாங்கக் கூடாது என்று காப்பகம் மறுத்துவிட்டது. அது சரியான மறுப்பு. குழந்தைக்குப் பணம் கைமாறுவதைத் தடுக்க வந்த விதி, நல்ல எண்ணத்தில் நீட்டிய பணத்தையும் தடுக்கத்தான் செய்யும்.

கலசப்பாக்கத்து வீட்டில் எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. பெண்ணின் தாய் போனில் கேட்டார்: “இன்னாடி, உங்க மாமன் பட்டது பத்தலியா? கண்ணு தெரியாத ஆளை வெச்சிகினு நான் பட்டது பத்தலியா?”

“மாமாவுக்கு யாரும் அப்ப பாக்கலம்மா. இந்தப் புள்ளைக்குப் பாத்திருக்காங்க.”

“பாத்துட்டா தெரிஞ்சிடுமா?”

“கொஞ்சம் தெரியும்மா. கொஞ்சம்தான்.”

தம்பியின் வாழ்வு முழுவதும் கூட இருந்த அக்காவின் பயம் அறியாமை அல்ல. தத்தெடுக்கும் பெற்றோருக்கு நடத்தும் ஆலோசனை வகுப்புகளில் தாத்தா பாட்டிகளுக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. ஆனால் நம் வீடுகளில் முடிவின் பாதி அவர்கள் கையில். தார் சுற்றிக்கொண்டிருந்த மாமா இதில் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைக்குப் பகலில் கண் கூசுமா என்று மட்டும் கேட்டார். கூசும் என்றதும், தொப்பி வாங்கச் சொன்னார். தனக்கு யாரும் வாங்கித் தந்ததில்லை என்றார்.

அமெரிக்காவுக்குள் ஐ.எச்-3 விசாவில் நுழையும் தத்துக் குழந்தை, 2000ஆம் ஆண்டின் சட்டப்படி, வந்திறங்கியதுமே குடியுரிமை பெறுகிறது. அதற்குப் பின் சட்டத்தின் வேலை குறைவு. இரண்டு ஆண்டுகளில் ஆறு தொடர் அறிக்கைகள் காராவுக்குப் போகும், முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒன்று. கண்ணின் வேலைக்கு முடிவே கிடையாது. ஆபரேஷன் வென்றாலும் அழுத்தம் எந்த வயதிலும் திரும்ப ஏறலாம். சின்ன வயதில் ஒவ்வொரு முறையும் மயக்கம் கொடுத்துத்தான் அளக்க வேண்டியிருக்கும். பருத்த கண் நீளமாகிவிடுவதால் கிட்டப்பார்வை அதிகம், கண்ணாடி கட்டாயம். ஒரு கண் மற்றதைவிடச் சோம்பினால், நல்ல கண்ணைப் பட்டி ஒட்டி மூடிச் சோம்பல் கண்ணை வேலை வாங்க வேண்டும். அழுது, பிடுங்கி எறிந்து, மறுபடி ஒட்டி என்று எந்த வீட்டிலும் ஆபரேஷனைவிடப் பெரிய போராட்டம் இந்தப் பட்டிதான். சொட்டு மருந்திலும் கவனம் வேண்டும். பெரியவர்களுக்குச் சாதாரணமாகத் தரும் பிரிமோனிடின் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. மூச்சுத் திணறலும் அளவுமீறிய மயக்கமும் வரும். டைமோலால் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இழுப்பைக் கிளப்பும்.

பள்ளி விடுமுறைக்குக் குழந்தை கலசப்பாக்கம் வந்தபோது பாட்டிக்குச் சொட்டு போடக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு மருந்து போட்டு ஐந்து நிமிடம் விட்டு அடுத்தது. போட்டதும் கண்ணின் மூக்கோரத்து மூலையை விரலால் லேசாக அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் மருந்து மூக்கு வழியாக இறங்கி இரத்தத்தில் கலந்துவிடும். பாவில் அறுந்த இழையைப் புணைத்துப் பழகிய விரல் அது. அம்மாவைவிடப் பாட்டி போட்டால்தான் எரியவில்லை என்று பேத்தி கட்சி மாறிவிட்டாள். லாட்டனோப்ரோஸ்ட் பாட்டில்கள் ஃப்ரிட்ஜில் மல்லிகைச் சரத்துக்குப் பக்கத்தில் இருந்தன. தெருவில் பார்த்தவர்கள் பழைய பழக்கத்தில், கண்ணு எவ்ளோ பெரிசு என்றார்கள். பாட்டி ஒவ்வொருவரையும் நிறுத்தி, பச்சைக்குழந்தைக்குக் கண் பெரிதாக இருந்து தண்ணீர் வடிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். பக்கத்து ஊர்களில் இதைச் சொல்ல இவரைவிட வேறு ஏற்பாடு இல்லை என்பதும் உண்மை. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தின் பிறவிக் குறைப் பட்டியலில் கண்புரையும் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயும் உண்டு. கண் அழுத்த நோய் தனியாக இல்லை.

எஞ்சியிருப்பது மரபணுக் கேள்வி. தத்துக் குழந்தைக்குக் குடும்ப மருத்துவ வரலாறு என்ற பக்கம் வெற்றாக இருக்கும். மரபணுப் பரிசோதனை அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நிரப்பும்: இரண்டு பிரதிகளிலும் ஒரே பிழை இருந்தால், பெற்றவர்கள் நெருங்கிய உறவினராக இருக்கக்கூடும் என்பது வரை அது சொல்லிவிடும். பெண் வளர்ந்து மணம் முடிக்கும்போது, கணவர் அதே மரபணுவில் பழுது உள்ளவரா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் பிள்ளைகளுக்கு நோய் வராது, பழுதான பிரதி ஒன்று மட்டும் போகும். தத்தெடுப்பு விதிகள் வேர்களைத் தேட அனுமதிக்கின்றன. 18 வயதுக்கு மேல் தானே விண்ணப்பிக்கலாம். ஆனால் பெற்றவர்கள் ஒப்படைக்கும்போது தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தால், அவர்களின் சம்மதம் இல்லாமல் விவரம் தரப்படாது.

அந்த ரகசியக் காப்பு ஒரு பக்கத்துக்கு மட்டுமே யோசித்து எழுதப்பட்டது. கோப்புக்கு மறுபக்கம், தமிழ்நாட்டில் ஏதோ ஒரு ஊரில், இந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்துப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இதே நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் மாதத்திலேயே பரிசோதித்தால் அந்தக் குழந்தையின் கண்ணைக் காப்பாற்றிவிடலாம். தத்துப்போன பெண்ணின் மருத்துவ முடிவு அவர்களுக்குத் தெரிய வழி எதையும் இன்றைய விதிகள் கட்டாயமாக்கவில்லை. நியூ ஜெர்சித் தம்பதி மரபணு முடிவை ஒரு கடிதத்தோடு காப்பகத்துக்கு அனுப்பினார்கள். யாரிடம் சேர்க்க வேண்டும் என்று தங்களுக்குத் தெரிய வேண்டாம், சேர்த்தால் போதும் என்று அதில் எழுதியிருந்தார்கள். பெற்றுக்கொண்டோம் என்று காப்பகத்திலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது.